பட்டா வந்தால் விலை ஏறுமா? மனை, உரிமை, மதிப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

சொத்து மதிப்பீடு எழுதுகிறவனிடம் எல்லோரும் கேட்பது "சதுர அடி என்ன போகும்?" என்றுதான். இந்த முறை வந்த கேள்விகள் கொஞ்சம் வேறு மாதிரி. சட்டமோ அரசாணையோ மாறியதால் தங்கள் மனையின் விலைக்கு என்ன ஆகும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஊரை மட்டும் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். பத்திரத்தைப் பார்க்காமல் சொல்லும் பதில் இது. முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பல்லாவரம்: முப்பது வருடமாகப் புறம்போக்கில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாம் எங்கள் பெயரில். பெல்ட் ஏரியாவிலும் பட்டா கொடுக்கப் போகிறார்கள், விலை இரண்டு மடங்காகும் என்கிறார் புரோக்கர். இப்போதே விற்கலாமா, காத்திருக்கலாமா?

முதலில் உங்கள் நிலம் எந்த வகைப் புறம்போக்கு என்று பாருங்கள். சென்னையைச் சுற்றி 32 கிலோமீட்டருக்குள் உள்ள 'பெல்ட் ஏரியா'வில் 1962-லிருந்தே பட்டா வழங்கத் தடை இருந்தது. 2025 பிப்ரவரியில் அமைச்சரவை எடுத்த முடிவு, இந்தப் பகுதியிலும் மதுரை, நெல்லை போன்ற நகரங்களிலுமாகச் சுமார் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா கொடுப்பது பற்றியது. ஆனால் அது ஆட்சேபணையற்ற புறம்போக்கில், அதாவது நீர்நிலை போன்ற பொதுத் தேவைக்கு ஒதுக்காத அரசு நிலத்தில், இருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் சர்வே எண்ணுக்கு, எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டில் ஏரி, குளம், வாய்க்கால், ஓடை என்று எழுதியிருந்தால் கதையே வேறு. அங்கே தண்ணீர் பார்த்து நாற்பது வருடம் ஆகியிருந்தாலும் பதிவேட்டில் நீர்நிலை என்றால் நீர்நிலைதான். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம், புரோக்கருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இனி விலை. இப்போது விற்றால் நீங்கள் எதை விற்கிறீர்கள்? அரசு நிலத்தின் மீதான கிரயத்தைச் சார்பதிவாளர் பதியக் கூடாது. எனவே ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வரி ரசீதைக் கையில் கொடுப்பதுதான் நடக்கும். வாங்குகிறவர் அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் விலை கேட்பார். பட்டா வரும் என்று பேச்சு கிளம்பியதுமே அந்தப் பயத்தில் ஒரு பகுதி குறைந்து விலை கொஞ்சம் ஏறியிருக்கும். புரோக்கர் உங்களைத் தேடி வருவதே அதனால்தான். கடைசி வரை காத்திருக்க முடிந்தவர் கைக்குத்தான் மிச்ச ஏற்றம் போகும். அவசரமாகப் பணம் தேவைப்படும் குடும்பங்கள் பாதி வழியில் விற்றுவிடுவதும், நாலு மனையைச் சேர்த்து வாங்கியவர் பட்டா வந்த பிறகு லாபம் பார்ப்பதும் இந்தத் தொழிலில் வழக்கமாகப் பார்க்கிற சங்கதி.

பட்டா வந்த மறுநாளே விற்றுவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். அரசு ஒப்படை செய்யும், அதாவது பட்டா கொடுத்து ஒதுக்கும், வீட்டுமனைக்கு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். மீறினால் ஒப்படையையே ரத்து செய்யலாம்.

பட்டா இருந்தால் வங்கிக் கடன் தானாக வரும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் புறநகரில் 1981-ல் சுமார் 1,800 குடும்பங்கள் ஒரு நிலத்தில் குடியேறின. பிறகு அரசு சட்டம் போட்டு அந்த நிலத்தைக் கையகப்படுத்தியது. பழைய உரிமையாளர்களில் சிலர் இழப்பீட்டை ஏற்றார்கள், சிலர் வழக்குக்குப் போனார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒன்றுக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை. கலியானி, ஷார்க்ரோட்ஸ்கி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்த இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். பத்திரம் கிடைத்தவர்கள் சுவரையும் கூரையையும் நன்றாகக் கட்டினார்கள், பிள்ளைகளைக் கூடுதல் காலம் படிக்க வைத்தார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர்களோ மிகச் சிலர்தான். வங்கி பார்ப்பது பத்திரத்தை மட்டுமல்ல, மாத வருமானத்தையும்தான். நம் ஊரிலும் அதே கதைதான்.

ஆகவே நீர்நிலை இல்லையென்றால், பொறுக்க முடிந்தால், பொறுங்கள். உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு இதில் ஒரு லாபமும் இல்லை, வாடகைதான் ஏறும். அது தனிப் பேச்சு.

மதுரை: பூர்வீக வீடு கிராம நத்தத்தில். ஊர் இப்போது மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. பத்திரமே கிடையாது. "புறம்போக்குதானே" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள்.

நத்தம் புறம்போக்கு அல்ல. ஊர்க்காரர்கள் குடியிருக்க விட்ட இடம் அது, குடியிருப்பவருக்கே உரிமை, அரசுக்குச் சொந்தமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உங்களிடம் கேட்டவருக்கும் இது தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி பேசுவது பேரத்துக்காக.

உங்கள் சிக்கல் உரிமையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. நத்தம் நிலவரித் திட்டத்தில் கொடுத்த பட்டா உங்கள் தாத்தா பெயரில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, சகோதர சகோதரிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு பாகப்பிரிவினைப் பத்திரமோ, ஒருவர் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிந்துவிடுங்கள். பதிந்த முதல் பத்திரம் அதுதான். அடுத்து வாங்குபவரின் வங்கிக்கு அதுவே மூலப்பத்திரமாக நிற்கும். இந்தச் செலவைச் செய்யாமல் விற்கிற ஒவ்வொருவரும், செலவைப்போலப் பல மடங்கை வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்.

கோயம்புத்தூர்: 2013-ல் அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் 5 சென்ட் வாங்கினேன். வரன்முறை (கட்டணம் கட்டிப் பின்னால் ஒப்புதல் வாங்குவது) செய்யவில்லை. பக்கத்தில் டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகரித்த மனை நல்ல விலைக்குப் போகிறது. என்னுடையதைக் கேட்பாரே இல்லை.

2016 வரைக்கும் 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்ற ஒரு வார்த்தையை வைத்தே மாநிலம் முழுக்க மனை விற்றார்கள். பதிவும் நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பதிவு அலுவலகங்கள் பல மாதம் வெறிச்சோடிக் கிடந்தன. பிறகு சட்டம் திருத்தப்பட்டது. ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவான மனையை மறுபடி பதியலாம் என்றார்கள். 2016 அக்டோபர் 20-ஐ எல்லையாக வைத்து, அதற்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன.

அன்றிலிருந்து ஒரே ஊரில் மூன்று சந்தை நடக்கிறது: அங்கீகரித்த மனை, வரன்முறை செய்த மனை, இரண்டும் இல்லாத மனை. உங்களுடையது மூன்றாவது. பதிவு செய்ய வழி இருக்கலாம். ஆனால் வரன்முறை இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது, வீட்டுக் கடன் கிடைக்காது. ஆக, முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, உடனே வீடு கட்டும் எண்ணமும் இல்லாத ஒருவர்தான் வாங்க முடியும். அப்படிப்பட்டவர் ஊருக்கு எத்தனை பேர் இருப்பார்கள்? உங்கள் மண்ணுக்கும் பக்கத்து மண்ணுக்கும் வித்தியாசம் இல்லை. வாங்க வருகிறவர்களின் எண்ணிக்கைதான் வித்தியாசம்.

இன்னொன்றும் நடந்தது. புது மனை என்றால் பூங்காவுக்கும் சாலைக்கும் இடம் விட்டுத்தான் போட வேண்டும் என்றானதும், ஒரு ஏக்கரில் விற்கக் கிடைக்கிற பரப்பு குறைந்தது. அந்த நிலத்தின் விலையையும் மிச்ச மனைகளின் தலையில்தான் வைத்தார்கள். டிடிசிபி மனை விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். வாங்குபவருக்கு அது நஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. முன்பு பன்னிரண்டு அடிச் சந்துக்குள் தீயணைப்பு வண்டி நுழைய முடியாத மனைப்பிரிவுகளை மலிவு என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

என்ன செய்யலாம்? உங்கள் மனைப்பிரிவு மொத்தத்துக்கும் கொள்கையளவிலான ஒப்புதல் கிடைத்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அது இருந்தால்தான் தனி மனைக்கு வரன்முறை ஆணை. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது, இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், திறந்தவெளிக்கான கட்டணம் மூன்றையும் கூட்டி, விலை வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கட்டிவிடுவதே லாபமாக இருக்கும்.

மயிலாப்பூர்: நல்ல தெருவில் ஒரு தனி வீடு, சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வருகிறது. "அடிமனை கோயிலுடையது, மேல்கட்டடம் மட்டும்தான் கிரயம்" என்கிறார்கள். வாங்கலாமா?

சென்னையின் பழைய பகுதிகளில் இந்த ஏற்பாடு நிறைய. நிலம் கோயிலுடையது, அதன் மேல் வீடு கட்டியவர் அடிமனை வாடகை கட்டுகிறார். இப்படிக் கட்டியவர்களைக் காப்பாற்றத்தான் 1921-ல் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிலத்தின் விலை ஏற ஏற, வீட்டைக் கட்டியவரை வெளியேற்றப் பார்த்தார்கள் நில உரிமையாளர்கள். அதற்கு மாற்றாக, நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு நிலத்தைக் குடியிருப்பவரே வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொன்னது. 'என்றைக்காவது அடிமனையும் நமக்கே' என்ற அந்த ஆசையும் மேல்கட்டடத்தின் விலைக்குள் சேர்ந்தே இருந்தது.

1996-ல் செய்த திருத்தம் கோயில் உள்ளிட்ட சமய நிறுவனங்களின் நிலத்தை இந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. ஆசை போனது, விலையும் இறங்கியது. அதோடு, அறநிலையத்துறைச் சட்டப்படி நியாய வாடகையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியமைக்க வேண்டும். ஒரு காலத்தில் காப்பிக் காசாக இருந்த வாடகை இப்போது அப்படி இல்லை. பழைய பாக்கியையும் சேர்த்து நோட்டீஸ் வருகிறது.

இப்படி ஒரு வீட்டை மதிப்பிடப் போயிருந்தபோது விற்பவர் ஒரு வாடகை ரசீதைக் காட்டினார். அதில் இருந்த பெயர் அவருடைய தாத்தாவுடையது. அப்பா பெயருக்கும் மாற்றவில்லை, இவர் பெயருக்கும் மாற்றவில்லை. கோயில் கணக்கில் அவர் யாரோ. அவரிடம் கிரயம் வாங்குகிறவர் இன்னும் தூரம். கோயிலின் சம்மதம் இல்லாமல் கைமாறிய வீட்டில் இருப்பவரை ஆக்கிரமிப்பாளராக நடத்த வழி இருக்கிறது. ரசீது விற்பவர் பெயரில் இருந்து, பாக்கி இல்லாமல், உங்கள் பெயருக்கு வாடகைதாரர் மாற்றம் செய்யக் கோயில் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் மட்டும் பேசுங்கள். இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கும் அதிக விலைதான்.

ஆவடி: நாங்கள் வாங்கப் பார்க்கும் மனையில் வில்லங்கம் சுத்தம். ஆனால் வக்கீல் "நகர்ப்புற நில உச்சவரம்பு பார்க்க வேண்டும்" என்கிறார். அந்தச் சட்டம்தான் எப்போதோ போய்விட்டதே?

வக்கீல் சொல்வது சரி. நகரத்தில் ஒருவர் இவ்வளவுதான் காலி நிலம் வைத்திருக்கலாம், மிச்சம் உபரி, அது அரசுக்கு என்று தமிழ்நாட்டில் 1978-ல் வந்த சட்டம் 1999 ஜூன் 16-லிருந்து ரத்தானது. சட்டம்தான் போனது, அது விட்டுப்போன கேள்வி போகவில்லை. ரத்தாவதற்கு முன் அரசு அந்த நிலத்தை நேரில் சுவாதீனம் எடுத்திருந்தால், அதாவது கைவசப்படுத்தியிருந்தால், அது அரசுடையதே. காகிதத்தில் மட்டும் எடுத்ததாக எழுதி, நிலம் பழைய உரிமையாளரிடமே இருந்திருந்தால் நடவடிக்கை அத்தோடு முடிந்தது. உண்மையான சுவாதீனம்தான் கணக்கு என்று உச்ச நீதிமன்றமும் 2013-ல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொன்னது.

ஊகவணிகத்தைத் தடுத்து ஏழைகளுக்கு மனை கொடுப்பதுதான் சட்டத்தின் நோக்கம். நடந்தது என்னவென்றால், பெரிய நிலங்கள் விலக்கு கேட்டும் வழக்கு போட்டும் பல ஆண்டுகள் முடங்கின. விற்பனைக்கு வரும் நிலம் சுருங்கினால் விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரத்தான பிறகும் விலை இறங்கவில்லை, ஏனென்றால் வழக்கில் இருந்த நிலம் ஒரே நாளில் சந்தைக்கு வந்துவிடவில்லை.

வில்லங்கச் சான்றில் இது பெரும்பாலும் தெரியாது. 'அ' பதிவேட்டையும் நகர நில அளவைப் பதிவேட்டையும் பார்த்து, உச்சவரம்பு நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள்.

செங்கல்பட்டு: பஞ்சமி நிலம் என்கிறார்கள், அதனால்தான் விலை குறைவாம். பிளாட் போட்டு விற்கிறார்கள், நிறையப் பேர் வாங்கிவிட்டார்கள்.

வாங்காதீர்கள். பட்டியல் சாதி மக்களுக்கென்று 1892-லிருந்து கொடுத்த நிலம் அது, மற்றவருக்கு விற்றால் செல்லாது. எத்தனை கை மாறினாலும், எத்தனை பேர் வாங்கினாலும் செல்லாததுதான். அந்த மலிவு விலை ஒரு குடும்பத்திடமிருந்து பறித்ததன் விலை.

திருச்சி: வழிகாட்டி மதிப்பை ஏற்றினால் என் வீட்டின் மதிப்பும் ஏறியதாகத்தானே அர்த்தம்?

இல்லை. பத்திரப் பதிவுக்காக அரசு குறிக்கும் மதிப்பு அது, வரி வாங்குவதற்கான அளவு. 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தையும் சேர்த்து, 100 ரூபாய் மதிப்புக்கு 8 ரூபாய் கட்டியவர், 67 ரூபாய்க்கு 11 சதவீதம், அதாவது 7 ரூபாய் 37 காசு கட்டினார். 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பினார்கள், பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். மதிப்பு மறுபடி 100 ரூபாய், கட்டுவது 9 ரூபாய். இத்தனை ஆட்டத்திலும் சந்தை விலை தன் போக்கில்தான் போனது. அப்புறம், மக்களிடம் ஆட்சேபணை கேட்காமல் ஏற்றியது செல்லாது என்று 2023 சுற்றறிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், முறைப்படி கேட்டு 2024 ஜூலையில் புது மதிப்பு வந்ததும் தெரிந்திருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிட அதிகமாக உள்ள தெருவில் விற்றால், வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால், வாங்காத பணத்துக்கும் சேர்த்து வருமான வரிக் கணக்கு வரும்.

அண்ணா நகர்: எங்கள் அபார்ட்மென்ட் நாற்பது வருடப் பழசு. இடித்துக் கட்டலாம் என்றால் இரண்டு பேர் ஒத்துக்கொள்வதில்லை. புதுச் சட்டம் வந்துவிட்டது என்கிறார்களே?

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். முன்பு ஒருவர் முரண்டு பிடித்தாலே பில்டர் ஓடிவிடுவார்.

கணக்கு இப்படி. நாலு கிரவுண்டு, அதாவது 9,600 சதுர அடியில் 12 வீடு, ஒவ்வொன்றும் 1,200 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். நிலப்பரப்பைப்போல 1.5 மடங்கு கட்டிய காலத்தில் 14,400 சதுர அடி. 2019 விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கே 2 மடங்கு, 19,200. சாலை அகலம் இடம் கொடுத்தால் கூடுதலாக வரும் 4,800 சதுர அடிதான் பில்டருக்கான சாப்பாடு. நாற்பது வருடக் கட்டடத்துக்குச் சந்தை எதுவும் கொடுப்பதில்லை, யூ.டி.எஸ். என்கிற பிரிபடாத நிலப் பங்குக்குத்தான் விலை. அந்தப் பங்கை 'எப்போதாவது பயன்படும்' என்பதிலிருந்து 'ஓட்டெடுத்தால் பயன்படும்' என்ற நிலைக்கு மாற்றியது இந்தச் சட்டம்.

ஒப்புக்கொள்ளாத இருவரையும் வில்லன்களாகப் பார்க்க வேண்டாம். வயதான காலத்தில் மூன்று வருடம் வாடகை வீட்டில் இருப்பதும், பில்டர் பாதியில் நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்பதும் நியாயமான பயம். ஒப்பந்தத்தில் மாத வாடகைக்கும் தாமத இழப்பீட்டுக்கும் வங்கி உத்தரவாதம் கேளுங்கள், பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். உங்கள் கிரயப் பத்திரங்களில் உள்ள யூ.டி.எஸ். எல்லாம் கூட்டினால் மொத்த நிலம் வருகிறதா என்றும் பாருங்கள். பழைய கட்டடங்களில் பல சமயம் வராது.

சிங்கப்பூர்: எங்கள் எச்டிபி (அரசு வீட்டுவசதிக் கழக) வீட்டில் 58 ஆண்டு குத்தகை பாக்கி. இதை விற்றுச் சென்னையில் சொந்த மண்ணோடு வாங்குவது புத்திசாலித்தனமா?

99 ஆண்டுக் குத்தகை முடிந்தால் வீடு அரசுக்கு. கேலாங் லோரோங் 3-ல் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தனியார் வீடுகள், 2020 டிசம்பர் 31-ல் இழப்பீடு இல்லாமல் அரசிடம் போனதைப் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் அங்கே சந்தை நடுங்கவில்லை, முடியும் தேதி எல்லோருக்கும் தெரியும் என்பதால். அந்நாட்டு அரசு பயன்படுத்தும் பாலா அட்டவணை, நிரந்தர உரிமையின் மதிப்பில் 99 ஆண்டுக் குத்தகைக்கு 96 சதவீதம், 60 ஆண்டுக்கு 80, 30 ஆண்டுக்கு 60 என்று போடுகிறது. முதல் 39 ஆண்டில் 16 புள்ளிதான் போகிறது, கடைசி 30 ஆண்டில் 60. எனக்கு இதில் பிடித்தது, குறைந்த உரிமையாக இருந்தாலும் தெளிவாக இருந்தால் நல்ல விலை கிடைக்கிறது என்பது. சென்னையில் 'சொந்த மண்' என்று விற்கிற பலவற்றில் இந்தத் தெளிவு இருக்காது. மேலே உள்ள கேள்விகளையே பாருங்கள்.

உங்கள் வீட்டின் விலையைத் தொடப்போவது சிபிஎஃப் என்கிற மத்திய சேமநிதியின் விதி. 2019 மே மாதத்திலிருந்து, வாங்குகிறவரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை ஓடினால்தான் சிபிஎஃப் பணத்தை முழு அளவுக்குப் பயன்படுத்தலாம். இன்று 37 வயதுக்காரர் வாங்கினால் 37-ம் 58-ம் சேர்ந்து 95, சரியாகிவிடுகிறது. 30 வயதுக்காரருக்கு ஏழு வருடம் குறைகிறது, அவர் கையிலிருந்து கூடுதல் பணம் போட வேண்டும். ஒவ்வொரு வருடமும் இந்த எல்லை ஒரு வயது மேலே போகும், இளம் தம்பதிகள் விலகுவார்கள். விற்பது என்று முடிவெடுத்தால் இழுத்தடிக்காதீர்கள். சென்னையில் வாங்குவது அதோடு சேர்த்து எடுக்க வேண்டிய முடிவு அல்ல. பணத்தை வைப்பில் போட்டுவிட்டு, பத்திரம் பார்க்க ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.